முற்றொருமைகளை முக்கோணத்திலிருந்து எடுப்பது எப்படி, 210 டிகிரியில் என்ன ஆகிறது

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். சைன்² தீட்டா + காஸ்² தீட்டா = 1 (தீட்டா ஒரு கோணம்) என்பது பிதாகரஸ் தேற்றத்தைக் கர்ணத்தின் வர்க்கத்தால் வகுத்தது மட்டும்தானா, அப்படியானால் மற்ற முற்றொருமைகளும் (எந்தக் கோணத்தைப் போட்டாலும் உண்மையாகும் சமன்பாடுகள்) ஒரு செங்கோண முக்கோணத்திலிருந்தே வந்துவிடுமா, மனப்பாடம் செய்யாமல் தப்பிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில், 210 டிகிரியின் காஸ் மதிப்பை வைத்துக்கொண்டு அதே முற்றொருமையால் சைன் கண்டுபிடித்தேன், 1/2 வந்தது, கால்குலேட்டர் −1/2 காட்டுகிறது, செங்கோண முக்கோணத்தில் 210 டிகிரிக்கு இடமே இல்லையே, அங்கே முற்றொருமை உடைந்துவிடுகிறதா என்று ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். உண்மையான கேள்வி அந்தக் கடைசி வரிதான் என்று எனக்குப் படுகிறது. முக்கோணத்தை வைத்து நிரூபித்த ஒன்றை முக்கோணமே இல்லாத இடத்தில் எப்படி நம்புவது என்பதுதான் உங்களை உறுத்துகிறது. நியாயமான உறுத்தல். அதற்கு வருகிறேன், ஆனால் நேராக அங்கே குதித்தால் பதில் நிற்காது.

பள்ளிப் பிள்ளைகளுக்குப் பல வருடங்களாகக் கணக்கு சொல்லித் தருகிறேன். நான் பார்த்தவரை தடுமாற்றம் முற்றொருமையில் தொடங்குவதில்லை, அதற்கு ஒரு படி முன்னாலேயே தொடங்கிவிடுகிறது. சைன் என்றால் எதிர்ப்பக்கத்தைக் கர்ணத்தால் வகுத்தது என்று எல்லோரும் சொல்லிவிடுவார்கள். எந்த முக்கோணத்தின் எதிர்ப்பக்கம் என்று கேட்டால்தான் அமைதியாகிவிடுவார்கள். பக்கங்கள் 3, 4, 5 உள்ள முக்கோணத்தில் சிறிய கோணத்தின் சைன் 3/5. பக்கங்கள் 30, 40, 50 என்றாலும் 3/5 தான். முக்கோணம் பத்து மடங்கு பெரிதானது, விகிதம் அசையவில்லை. ஏன் என்றால், ஒரு குறுங்கோணம் சமமாக இருக்கும் இரண்டு செங்கோண முக்கோணங்கள் எப்போதும் வடிவொத்தவை, மூன்றாவது கோணமும் தானாகச் சமமாகிவிடும், பக்கங்கள் எல்லாம் ஒரே மடங்கில் வளரும். சைன் என்பது முக்கோணத்தின் சொத்து இல்லை, கோணத்தின் சொத்து என்று நாம் தைரியமாகச் சொல்வதற்கு இந்த ஒரே காரணம்தான் இருக்கிறது. கீழே வரும் எல்லாமும் இதன்மேல்தான் நிற்கிறது. இது சமதளத்துக்கு மட்டும் உரியது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு கோளத்தின் மேல் வரைந்த முக்கோணத்தில் கோணங்களை மாற்றாமல் அளவை மட்டும் பெரிதாக்க முடியாது, அங்கே மூன்று செங்கோணங்கள் உள்ள முக்கோணம் கூட உண்டு. அதனால் இங்கே பேசுவது முழுவதும் தட்டையான தாளைப் பற்றியது.

சரி, அளவு முக்கியமில்லை என்று ஆகிவிட்டால் நமக்கு ஒரு பெரிய சுதந்திரம் கிடைக்கிறது. எந்தப் பக்கத்துக்கு வேண்டுமானாலும் 1 என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். நான் உங்களுக்குச் சொல்ல வந்ததில் முக்கால்வாசி இதுதான். கர்ணத்தை 1 என்று வைத்தால் எதிர்ப்பக்கத்தின் நீளமே சைன் தீட்டா, அடுத்துள்ள பக்கத்தின் நீளமே காஸ் தீட்டா. பின்னம் போய்விட்டது, விகிதம் ஒரு நீளமாகக் கண்ணுக்கு முன்னால் வந்து நிற்கிறது. கர்ணம் 1 ஆகத்தான் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. கி.பி. 499-ஐ ஒட்டி எழுதப்பட்ட ஆரியபட்டீயத்தில் ஆரியபட்டர் கொடுத்திருக்கும் சைன் அட்டவணையில் கர்ணம் 3438. வட்டத்தின் சுற்றளவை 21,600 நிமிடமாக (ஒரு டிகிரிக்கு 60 கோண நிமிடம்) வைத்து ஆரத்தைக் கணக்கிட்டால் ஏறக்குறைய அந்த எண் வரும். 3 டிகிரி 45 நிமிட இடைவெளியில் 24 மதிப்புகள், அவற்றின் வித்தியாசங்களைத்தான் அவர் செய்யுளில் தந்திருக்கிறார், வரிசையாகக் கூட்டிக்கொண்டே வந்தால் 30 டிகிரிக்கு 1719, 60 டிகிரிக்கு 2978, 90 டிகிரிக்கு 3438. இதில் 1719 சரியாக 3438-இல் பாதி, நம் 1/2 தான் அது. 1719, 2978 இரண்டின் வர்க்கங்களையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்துப் பாருங்கள், 3438.5 வருகிறது. முழு எண்களாகச் சுருக்கிய அட்டவணையில் அரை அலகுதான் தவறுகிறது. அவர் அதை ஜ்யா என்றார், வில்லின் நாண் என்று பொருள், வட்டத்தின் நாணுக்கு நாம் தமிழில் சொல்வதும் அதே வார்த்தைதான். அந்தச் சொல் அரபியில் ஜீபா ஆகி, அங்கே வேறொரு சொல்லாகப் படிக்கப்பட்டு, லத்தீனில் அதன் பொருளை மொழிபெயர்த்தபோது சைனஸ் ஆனது. இப்போது நீங்கள் கால்குலேட்டரில் அழுத்தும் பொத்தானின் பெயர் அதிலிருந்து வந்தது.

இப்போது முதல் முற்றொருமை. பாடப்புத்தக வழி உங்களுக்கே தெரியும்: பிதாகரஸ் தேற்றத்தை எழுதி இரண்டு பக்கத்தையும் கர்ணத்தின் வர்க்கத்தால் வகுத்தால் முடிந்தது. தவறே இல்லை. ஆனால் எனக்குப் பிடித்த வழி வேறு, அதில் பிதாகரஸை அழைக்கவே வேண்டாம். கர்ணத்தைக் கீழே படுக்கையாக வைத்து, செங்கோணம் மேலே இருக்கும்படி முக்கோணத்தை வரையுங்கள். கர்ணம் 1. இடது மூலையில் கோணம் தீட்டா. அப்படியானால் இடது சாய்வுப் பக்கம் காஸ் தீட்டா, வலது சாய்வுப் பக்கம் சைன் தீட்டா. இப்போது மேலே உள்ள செங்கோண முனையிலிருந்து கர்ணத்துக்கு ஒரு செங்குத்து இறக்குங்கள். பெரிய முக்கோணம் இரண்டு சின்னச் செங்கோண முக்கோணங்களாகப் பிரிகிறது. இடது சின்ன முக்கோணத்தின் கர்ணம் காஸ் தீட்டா, அதன் இடது மூலைக் கோணம் அதே தீட்டா, எனவே கீழே படுத்திருக்கும் அதன் பக்கம் காஸ் தீட்டா × காஸ் தீட்டா. வலது சின்ன முக்கோணத்தின் கர்ணம் சைன் தீட்டா. அதன் உச்சிக் கோணம் எவ்வளவு? மேலே இருந்த செங்கோணத்தில் இடது பங்கு 90 − தீட்டா, மிச்சம் தீட்டா. அந்தத் தீட்டாவுக்கு எதிரே கீழே படுத்திருக்கும் பக்கம் சைன் தீட்டா × சைன் தீட்டா. இரண்டு துண்டும் சேர்ந்ததுதான் அசல் கர்ணம். ஆகவே காஸ்² தீட்டா + சைன்² தீட்டா = 1. வர்க்கம் எங்கிருந்து வந்தது என்று கவனியுங்கள். எந்தச் சதுரமும் வரையவில்லை, ஒரே கோணத்தை இரண்டு தடவை பயன்படுத்தியதால் வந்தது. முதல் தடவை இதைப் பார்த்தபோது எனக்கு உண்டான சந்தோஷம் இன்னும் குறையவில்லை.

கர்ணம் 1-க்குப் பதில் வேறு நீளம் என்று வைத்து அந்த நீளத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் பிதாகரஸ் தேற்றம் வந்துவிடுகிறது. அப்போ எது முதல், எது இரண்டாவது? இதில் உறுதியாகச் சொல்லக்கூடியது, இரண்டும் ஒன்றையொன்று தரும் என்பதும், வடிவொப்புமையை ஏற்றுக்கொண்டால் பிதாகரஸை எடுத்துக்கொள்ளாமலே முற்றொருமையை நிரூபிக்க முடியும் என்பதும். அதனால் இதில் வட்டத் தர்க்கம், அதாவது நிரூபிக்க வேண்டியதையே முன்கூட்டி எடுத்துக்கொள்வது, கட்டாயமில்லை. விவாதத்துக்கு உரியது, அப்படிப்பட்ட ஒன்றை முக்கோணவியல் நிரூபணம் என்று அழைக்கலாமா என்பது. எலிஷா லூமிஸ் 1927-இல் வெளியிட்ட பிதாகரஸ் தேற்ற நிரூபணத் தொகுப்பில், முக்கோணவியலின் அடிப்படைச் சூத்திரங்களே அந்தத் தேற்றத்தின்மேல் நிற்பதால் முக்கோணவியல் வழி நிரூபணம் என்று ஒன்று இருக்க முடியாது என்று எழுதினார். 2009-இல் ஜேசன் ஜிம்பா கோணங்களைக் கழிக்கும் சூத்திரங்களைப் பிதாகரஸ் இல்லாமலே வருவித்து, அவற்றிலிருந்து இந்த முற்றொருமையை எடுத்துக் காட்டினார். 2023-இல் நிகியா ஜாக்சன், கால்சியா ஜான்சன் என்ற இரண்டு அமெரிக்கப் பள்ளி மாணவிகள் சைன் விதியை வைத்து இன்னொரு நிரூபணம் கொடுத்தார்கள். நான் மேலே எழுதியது என் கணக்கில் பழைய வடிவொப்புமை நிரூபணம்தான், சைன் காஸ் என்ற உடை போட்டிருக்கிறது. வேறு மாதிரிப் பெயர் வைப்பவர்களோடு நான் சண்டை போட மாட்டேன்.

அடுத்த இரண்டு முற்றொருமைகளும் இனி ஒரு நிமிட வேலை. அளவுகோலை மாற்றுங்கள். இப்போது அடுத்துள்ள பக்கத்துக்கு 1 என்று பெயர். எதிர்ப்பக்கம் டேன் தீட்டா ஆகிறது (எதிர்ப்பக்கத்தை அடுத்துள்ள பக்கத்தால் வகுத்தது), கர்ணம் செக் தீட்டா ஆகிறது (கர்ணத்தை அடுத்துள்ள பக்கத்தால் வகுத்தது), அதே பிதாகரஸ் 1 + டேன்² தீட்டா = செக்² தீட்டா என்று பேசுகிறது. எதிர்ப்பக்கத்துக்கு 1 என்றால் அடுத்துள்ள பக்கம் காட் தீட்டா, கர்ணம் கோசெக் தீட்டா, 1 + காட்² தீட்டா = கோசெக்² தீட்டா. மூன்று முற்றொருமை என்று புத்தகம் பட்டியல் போடுகிறது, இருப்பது ஒரு முக்கோணம், எதை 1 என்கிறோம் என்பது மட்டும் மாறுகிறது. எந்த வர்க்கம் தனியாக நிற்கும், எந்த இரண்டு கூடும் என்று குழப்பம் வந்தால், கர்ணம்தான் எப்போதும் தனியாக நிற்கும் என்று நினைத்துக்கொண்டால் போதும். டேன், செக் என்ற பெயர்களே படத்தைச் சொல்கின்றன. ஆரம் 1 உள்ள வட்டம் வரைந்து, கிடைமட்ட ஆரத்தின் முனையில் வட்டத்தைத் தொட்டபடி ஒரு கோடு நிமிர்த்துங்கள், மையத்திலிருந்து தீட்டா கோணத்தில் போகும் கோடு வட்டத்தை வெட்டிக்கொண்டு போய் அந்தத் தொடுகோட்டைச் சந்திக்கும். தொடுகோட்டில் கிடைக்கும் துண்டு டேன், வெட்டிக்கொண்டு போன கோடு செக். 1583-இல் தாமஸ் ஃபிங்க் லத்தீனில் தொடுவது, வெட்டுவது என்ற பொருளில்தான் இந்தப் பெயர்களைக் கொண்டுவந்தார். காஸ் (கோசைன்), காட் (கோடேன்ஜென்ட்), கோசெக் மூன்றிலும் முன்னால் நிற்கும் கோ நிரப்புக் கோணத்தைச் சொல்வது: முக்கோணத்தின் மற்றக் குறுங்கோணத்தில் உட்கார்ந்து பார்த்தால் எதிர்ப்பக்கமும் அடுத்துள்ள பக்கமும் இடம் மாறுகின்றன, எனவே காஸ் தீட்டா = சைன் (90 − தீட்டா). 3, 4, 5-இல் சரிபார்த்துக்கொள்ளுங்கள், டேன் 3/4, செக் 5/4, 1 + 9/16 = 25/16.

நிறையப் பேருக்குத் தெரியாத, ஆனால் இதைவிட எளிதான ஒன்றையும் காட்டுகிறேன். மீண்டும் கர்ணம் 1, இந்தத் தடவை அடுத்துள்ள பக்கம் கீழே படுத்திருக்கட்டும், தீட்டா இடது மூலையில். அந்த அடிப்பக்கத்தை இடது மூலைக்கு அப்பால் இன்னும் 1 அலகு நீட்டுங்கள், நீட்டிய முனையை மேல் உச்சியோடு சேருங்கள். நீட்டிய துண்டும் கர்ணமும் இரண்டும் 1 என்பதால் புதிதாக உண்டானது இருசமபக்க முக்கோணம். தீட்டா அதற்கு வெளிக்கோணம், எனவே உள்ளே எதிரில் இருக்கும் இரண்டு சம கோணங்களும் ஆளுக்குத் தீட்டா/2. நீட்டிய முனையில் நின்று பெரிய முக்கோணத்தைப் பாருங்கள்: எதிரே உயரம் சைன் தீட்டா, அடியில் 1 + காஸ் தீட்டா. ஆக டேன் (தீட்டா/2) = சைன் தீட்டா / (1 + காஸ் தீட்டா). பாதிக் கோணச் சூத்திரம், வர்க்கமூலம் கூட இல்லாமல். 30 டிகிரியைப் போட்டால் டேன் 15 டிகிரி = 2 − √3, சுமார் 0.268. 3, 4, 5 முக்கோணத்தில் போட்டால் (3/5) / (9/5), அதாவது அழகாக 1/3.

இரண்டு கோணங்களைக் கூட்டினால் அவற்றின் சைனும் காஸும் என்ன ஆகும் என்று சொல்லும் கூட்டல் சூத்திரத்துக்கு வருவோம், ஏனென்றால் முக்கோணம் எவ்வளவு தூரம் வரும் என்பது அங்கேதான் சோதனைக்கு வருகிறது. முதலில் ஒன்று: சைன் (ஆல்பா + பீட்டா) என்பது சைன் ஆல்பா + சைன் பீட்டா இல்லை. 30, 60 போட்டுப் பாருங்கள், இடது பக்கம் 1, வலது பக்கம் 1.366. சைன் ஒரு எண்ணைப் பெருக்கும் காரணி இல்லை, அடைப்புக்குள் புகுந்து பிரிந்துகொள்ளாது. சரியானதைப் பரப்பு வைத்து எடுக்கலாம். ஒரு முக்கோணத்தின் உச்சியிலிருந்து உயரம் இறக்குங்கள், அது உச்சிக் கோணத்தை இடதில் ஆல்பா, வலதில் பீட்டா என்று பிரிக்கட்டும். இடது சாய்வுப் பக்கம் இ, வலது சாய்வுப் பக்கம் வ, உயரம் உ. உயரத்தை இரண்டு விதமாக எழுதலாம், இ காஸ் ஆல்பா என்றும் வ காஸ் பீட்டா என்றும். இடது துண்டின் அடி இ சைன் ஆல்பா, எனவே அதன் பரப்பு 1/2 × இ சைன் ஆல்பா × உ, இங்கே உயரத்துக்கு வ காஸ் பீட்டாவைப் போடுங்கள். வலது துண்டின் பரப்பு 1/2 × வ சைன் பீட்டா × உ, இங்கே இ காஸ் ஆல்பாவைப் போடுங்கள். முழு முக்கோணத்தின் பரப்பு 1/2 × இ × வ × சைன் (ஆல்பா + பீட்டா). மூன்றிலும் 1/2 × இ × வ பொதுவாக இருக்கிறது, அடித்துவிட்டால் சைன் (ஆல்பா + பீட்டா) = சைன் ஆல்பா காஸ் பீட்டா + காஸ் ஆல்பா சைன் பீட்டா. ஒவ்வொரு துண்டிலும் உயரத்தை மற்றத் துண்டின் சாய்வுப் பக்கத்தால் எழுதிய இடம்தான் இதன் உயிர். ஆல்பாவும் பீட்டாவும் சமம் என்றால் சைன் இரட்டைக் கோணம் = 2 சைன் காஸ் என்பது தனியாக நிரூபிக்காமலே கிடைத்துவிடுகிறது.

காஸுக்குப் பரப்பு உதவாது, அதற்கு நடந்து பார்ப்பது நல்லது. ஒரு புள்ளியிலிருந்து ஆல்பா கோணச் சரிவில் காஸ் பீட்டா தூரம் ஏறுங்கள். அங்கே நின்று இடது பக்கம் சரியாக 90 டிகிரி திரும்பி சைன் பீட்டா தூரம் போங்கள். கிளம்பிய இடத்துக்கும் இப்போது நிற்கும் இடத்துக்கும் நேர் தூரம் 1, அந்த நேர்கோடு சரிவோடு பீட்டா கோணமும் தரையோடு ஆல்பா + பீட்டா கோணமும் ஆக்கும். முதல் நடையில் கிடைமட்டமாக முன்னேறியது காஸ் ஆல்பா காஸ் பீட்டா. இரண்டாவது நடை செங்குத்திலிருந்து ஆல்பா அளவு பின்னால் சாய்ந்திருக்கிறது, எனவே கிடைமட்டத்தில் சைன் ஆல்பா சைன் பீட்டா அளவு பின்வாங்குகிறீர்கள். காஸ் (ஆல்பா + பீட்டா) = காஸ் ஆல்பா காஸ் பீட்டா − சைன் ஆல்பா சைன் பீட்டா. அந்தக் கழித்தல் குறி ஏன் வருகிறது என்று இனிமேல் யாரும் உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை, பின்னால் நடந்ததால் வருகிறது. இதே நடையில் உயரத்தைக் கணக்கிட்டால் சைன் சூத்திரம் மறுபடி வரும், இரண்டு வழியும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். டேன் வேண்டுமானால் சைன் சூத்திரத்தைக் காஸ் சூத்திரத்தால் வகுத்து, மேலும் கீழும் காஸ் ஆல்பா காஸ் பீட்டாவால் வகுத்தால் போதும்.

முக்கோணத்தால் முடியாததையும் சொல்ல வேண்டும். அது கோணங்களுக்கு இடையேயான உறவுகளைத் தரும், எல்லா மதிப்புகளையும் தராது. சமபக்க முக்கோணத்தைப் பாதியாக வெட்டினால் 30, 60 கிடைக்கும், சதுரத்தை மூலைவிட்டத்தில் வெட்டினால் 45, கூட்டல் சூத்திரத்தால் 15, 75. ஆனால் 20 டிகிரியின் சைன் அப்படி வராது. கூட்டல் சூத்திரத்தை இரண்டு தடவை போட்டால் சைன் மும்மடங்குக் கோணம் = 3 சைன் − 4 சைன்³ என்று வரும், அதில் 20 டிகிரியைப் போட்டால் முப்படிச் சமன்பாடு ஒன்றில் போய் மாட்டிக்கொள்வோம். அளவு குறிக்காத அடிக்கோலும் கவராயமும் வைத்து 60 டிகிரியை மூன்றாகப் பிரிக்க முடியாது என்று பியர் வான்ட்செல் 1837-இல் நிரூபித்துவிட்டார், அதனால் அங்கே எத்தனை முக்கோணம் வரைந்தாலும் சிக்கல் தீராது. கால்குலேட்டர் அந்த மதிப்பைத் தருவது முக்கோணம் வரைந்து இல்லை, வேறு தோராய முறைகளால்.

இப்போது 90 டிகிரிக்கு அப்பால். இதுவரை செய்த எல்லா நிரூபணமும் குறுங்கோணத்துக்கு மட்டும், இதில் சமரசம் இல்லை. கூட்டல் சூத்திரத்தின் நடையில் கூட ஆல்பா + பீட்டா 90-க்குள் இருக்கும் என்று சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டேன். 120 டிகிரியின் சைன் என்று ஒன்று தானாக இயற்கையில் கிடக்கவில்லை, அதை நாம்தான் வரையறுக்க வேண்டும். எல்லோரும் ஏற்றுக்கொண்ட வரையறை இது: ஆரம் 1 உள்ள வட்டத்தில் வலது முனையிலிருந்து கடிகாரத்துக்கு எதிர்த் திசையில் தீட்டா அளவு சுற்றிவந்து நிற்கும் புள்ளியின் கிடைமட்டத் தூரம் காஸ், உயரம் சைன், இடது பக்கமும் கீழ்ப் பக்கமும் போனால் மைனஸ். குறுங்கோணத்தில் இது நம் பழைய முக்கோணத்தோடு அப்படியே பொருந்துகிறது. அதற்கு அப்பால் பழைய முற்றொருமை செல்லுமா என்பதை மறுபடி சோதிக்கத்தான் வேண்டும். சைன்² + காஸ்² = 1 உடனே தேறிவிடுகிறது: புள்ளி எங்கே இருந்தாலும் அதிலிருந்து கிடைமட்டக் கோட்டுக்குச் செங்குத்து இறக்கினால் கர்ணம் 1 உள்ள ஒரு செங்கோண முக்கோணம் இருக்கும், மைனஸ் குறி வர்க்கத்தில் மறைந்துவிடும். 0, 90, 180, 270 டிகிரிகளில் முக்கோணம் சப்பையாகிவிடும், அங்கே ஒரு எண் 0, மற்றது 1 அல்லது −1, நேராகவே பார்த்துக்கொள்ளலாம். டேன், செக் உள்ள முற்றொருமைக்குக் காஸ் 0 ஆகும் கோணங்களை விலக்க வேண்டும், சுழியால் வகுக்க முடியாது, காட், கோசெக் உள்ளதற்குச் சைன் 0 ஆகும் கோணங்களை.

கூட்டல் சூத்திரம் இவ்வளவு சுலபமாகத் தேறாது, ஆனால் அழகாகத் தேறுகிறது. இரண்டும் குறுங்கோணம், கூட்டினால் 90-ஐத் தாண்டுகிறது என்றால், இரண்டின் நிரப்புக் கோணங்களையும் எடுங்கள், அவற்றின் கூட்டல் 90-க்குள் வந்துவிடும், அங்கே சூத்திரம் நிரூபிக்கப்பட்டுவிட்டது, சைனும் காஸும் இடம் மாறி மறுபடி அதே சூத்திரமாகத் திரும்பி வரும். அதற்கு மேல் பெரிய கோணங்களுக்கு ஒரே படிதான். வட்டத்தில் 90 டிகிரி கூடுதலாகச் சுற்றினால் படம் முழுவதும் கால் சுற்று திரும்புகிறது, சைன் (ஆல்பா + 90) = காஸ் ஆல்பா, காஸ் (ஆல்பா + 90) = −சைன் ஆல்பா. சைன் சூத்திரத்தில் ஆல்பாவுக்குப் பதில் ஆல்பா + 90 போடுங்கள். இடது பக்கம் காஸ் (ஆல்பா + பீட்டா) ஆகிறது, வலது பக்கம் காஸ் ஆல்பா காஸ் பீட்டா − சைன் ஆல்பா சைன் பீட்டா ஆகிறது, அது நாம் ஏற்கெனவே நிரூபித்த காஸ் சூத்திரம். காஸ் சூத்திரத்தில் அதே மாதிரி போட்டால் சைன் சூத்திரம் திரும்பி வருகிறது. ஆக ஒரு கோணத்துக்குத் தேறினால் 90 கூட்டியதற்கும் தேறும், பின்னோக்கி 90 கழித்ததற்கும் தேறும், இப்படியே எல்லாக் கோணத்தையும் எட்டிவிடலாம். முக்கோணம் முதல் கால்பகுதியைத் தந்தது, மிச்சம் மூன்றையும் சுழற்சி தந்தது.

இனி உங்கள் 210. காஸ் 210 டிகிரி = −√3/2 என்று சரியாக எடுத்திருக்கிறீர்கள். வர்க்கம் 3/4, 1-இலிருந்து கழித்தால் 1/4, சைனின் வர்க்கம் 1/4. இதுவரை முற்றொருமை பேசியது, சரியாகவே பேசியது. அடுத்த வரியில் சைன் = √(1 − காஸ்²) என்று எழுதினீர்கள் பாருங்கள், அங்கேதான் முற்றொருமையை விட்டு வெளியே வந்துவிட்டீர்கள். வர்க்கமூலக் குறி எப்போதும் மைனஸ் இல்லாத மதிப்பைத்தான் தரும், வர்க்கம் 1/4 ஆகும் எண்களோ இரண்டு, 1/2, −1/2. எது என்று முற்றொருமைக்குத் தெரியாது, கோணம் எந்தக் கால்பகுதியில் இருக்கிறது என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும். 210 டிகிரி மூன்றாவது கால்பகுதி, புள்ளி கிடைமட்டக் கோட்டுக்குக் கீழே இடது பக்கம், உயரம் மைனஸ், எனவே −1/2. கால்குலேட்டரும் சரி, முற்றொருமையும் சரி. முக்கோணத்தில் மட்டும் வேலை செய்யும்போது எல்லா நீளமும் மைனஸ் இல்லாதவை என்பதால் இந்தக் கேள்வி எழாது, குறுங்கோணத்தில் √ போட்டுப் பழகிய கை 210-இலும் அதையே போட்டுவிட்டது. அதே 210-ஐ 180 + 30 என்று பிரித்துக் கூட்டல் சூத்திரத்தில் போடுங்கள்: சைன் 180 காஸ் 30 + காஸ் 180 சைன் 30, முதல் உறுப்பு 0, இரண்டாவது −1 × 1/2. அங்கே வர்க்கமூலம் எதுவும் இல்லாததால் குறி தானாகவே சரியாக வந்து நிற்கும்.